பறக்கப் பழகுவோர்க்கு ஏற்ற சிறகு எது?

பொறியின் துணையின்றி, மலைச்சரிவினின்று புறப்பட்டுக் காற்றில் மிதந்து செல்லும் கலை நம் நாட்டிலும் வேரூன்றிவிட்டது. இமாசலப் பிரதேசத்தின் பீர்–பில்லிங்கில் 2015ஆம் ஆண்டு பாராகிளைடிங் உலகக் கோப்பைப் போட்டி நடைபெற்றது. மைசூரில் சாமுண்டி மலையை அன்றாடம் காணும் மாணவர்க்கும் இவ்வாசை எழுதல் இயல்பே. புதிதாகக் கற்போர் மேற்கொள்ளத் தக்கது ஹாங் கிளைடரா, பாராகிளைடரா என்று அவர்கள் வினவினால், ஆசிரியர் தக்க காரணங்களுடன் விடையளித்தல் வேண்டும்.

இவ்விரண்டும் ஒன்றுபோல் தோன்றினும் அமைப்பில் வேறுபட்டவை. அமெரிக்க அறிஞர் பிரான்சிஸ் ரோகல்லோவும் அவர் மனைவியாரும் 1948இல் உருவாக்கிய வளையும் சிறகினின்று ஹாங் கிளைடர் வளர்ந்தது. அலுமினியக் குழாய்ச் சட்டத்தின்மீது துணி இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். பறப்பவர் அதன் கீழே குப்புறத் தொங்கியவாறு, முன்னுள்ள முக்கோணச் சட்டத்தைப் பற்றித் தம் உடற்பாரத்தை நகர்த்தித் திசையையும் வேகத்தையும் மாற்றுகின்றார். பாராகிளைடரோ பாரசூட்டின் வழித்தோன்றல். 1978இல் பிரான்சு நாட்டின் மியூசி என்னும் ஊரில் பாரசூட் வீரர் சிலர் மலைச்சரிவினின்று ஓடிப் பறந்ததிலிருந்து இது பரவலாயிற்று. இதற்குச் சட்டமே இல்லை. முன்விளிம்பின் வழியே புகும் காற்றின் அழுத்தமே துணியைச் சிறகாக நிறுத்துகின்றது. இருக்கையில் அமர்ந்து, இருபுறத்துக் கயிறுகளை இழுத்து இதனைச் செலுத்துவர்.

இவ்வேறுபாட்டினின்றே பிற யாவும் பிறக்கின்றன. ஹாங் கிளைடர் ஏறத்தாழ 20 முதல் 35 கிலோகிராம் எடையுள்ளது. மடித்தாலும் நீண்ட கட்டாகவே இருக்கும். பாராகிளைடரை முதுகுப்பையில் சுமந்து மலையேறலாம். முன்னது விரைந்து செல்வதால் இறங்குவதற்குப் பரந்த வெளி தேவை. இறங்குங்கால் சட்டத்தைத் தக்க நொடியில் முன்னே தள்ளி வேகத்தைத் தணிக்கும் திறமையும் வேண்டும். பின்னது மெதுவாகப் பறப்பதால் சிறிய திடலிலும் இறங்கும். எனவே கற்போர் பாராகிளைடரில் விரைவில் தனித்துப் பறக்கத் தொடங்குகின்றனர்.

எளிதிற் கற்கக்கூடியது ஆதலால் பாராகிளைடரே ஆபத்துக் குறைந்தது என்று கூறுவாருமுளர். இக்கருத்தை நான் ஏற்பதற்கில்லை. கொந்தளிக்கும் காற்றில் ஹாங் கிளைடரின் சிறகு உருக்குலைவதில்லை; பாராகிளைடரின் சிறகோ ஒருபுறம் மடங்கிச் சுருங்கக்கூடும். தொடங்குவோர்க்கான சிறகுகள் பெரும்பாலும் தாமே மீண்டும் விரிவனவெனினும், அதற்குப் போதிய உயரம் வேண்டும். வேகக் குறைவிலும் ஒரு குறையுண்டு. சிறகின் வேகம் மணிக்கு 36 கிலோமீட்டர் எனக் கொள்வோம். 20 கிலோமீட்டர் எதிர்காற்றில் அது தரையை நோக்க 16 கிலோமீட்டர் வேகத்தில் முன்னேறும். காற்று 40 ஆனால், பறப்பவர் 4 கிலோமீட்டர் வேகத்தில் பின்னோக்கி இழுக்கப்படுவார். இறங்க எண்ணிய இடம் முன்னே நிற்க, பின்னாலுள்ள மரங்களோ மின்கம்பிகளோ அவரை எதிர்கொள்ளும். இவ்வெளிய கணக்கைப் பள்ளி மாணவரும் போட்டுப் பார்க்கலாம்.

மைசூர்ப் பகுதிக்கு இவ்வுண்மை பெரிதும் பொருந்தும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வலுத்து வீசும். அப்பொழுது மலைகளின் கீழ்ப்புறத்தில், கண்ணுக்குத் தெரியாத சுழல்கள் உண்டாகும். மார்ச் முதல் மே வரை நண்பகலில் சூடேறிய நிலத்தினின்று வெப்பக்காற்று வலுவாக மேலெழும். பிற்பகலில் இடிமழையும் தோன்றும். பயின்றவர்க்கு உயரமேற உதவும் இவ்வெழுகாற்றே புதியவரைத் திணறச் செய்வது. சாமுண்டி மலையோ மரங்களும் பாறைகளும் செறிந்தது. கோயிலுக்கு மக்கள் இடையறாது வந்து செல்லும் இடம். மண்டகள்ளி விமான நிலையமும் அருகிலுள்ளது. மலை இருக்கின்றது என்பதனாலேயே அது பயிற்சிக்களம் ஆகிவிடாது.

ஆகவே என் முடிவு இதுவே. தூக்கிச் செல்வதற்கும் இறங்குவதற்கும் எளிதாக இருத்தலால், தொடங்குவோர் பாராகிளைடரைத் தேர்ந்தெடுத்தல் தகும். ஆனால் முதற்பாடம் மலையுச்சியில் நிகழலாகாது. சமதரையில் சிறகை எழுப்பி நிறுத்தப் பலநாள் பழகுதல் வேண்டும். பின்னர் மரமற்ற சிறுமேட்டினின்று, காலையின் அமைதியான காற்றில், தகுதிபெற்ற பயிற்சியாளரின் கண்காணிப்பில் பறத்தல் வேண்டும். தலைக்கவசமும், உயரம் சென்றபின் மாற்றுப் பாரசூட்டும் இன்றியமையாதன. பயிற்சியாளர் ஓட்ட, உடன் அமர்ந்து ஒருமுறை பறந்துவருவது உல்லாசமேயன்றிப் பயிற்சி ஆகாது.

வானிலை அறிவு சிறகை வாங்குவதற்கு முன்பே தொடங்கலாம். பள்ளித் திடலில் ஒரு கம்பத்தில் துணிப்பட்டையைக் கட்டி, காற்றின் திசையையும் வலிமையையும் காலை, நண்பகல், மாலை என மூவேளையும் மாணவர் குறித்துவரச் செய்யலாம். ஓராண்டுக் குறிப்பு கையிலிருப்பின், எந்த மாதத்தில், எந்த வேளையில் பறக்கலாகாது என்பதை அவர்களே கண்டுகொள்வர்.