அம்மா சொன்ன 'ஜிவ்'

வானொலி அறிவிப்பாளனுக்கு மௌனம்தான் பெரிய எதிரி. நேரலையில் ஐந்து விநாடி சத்தமில்லாமல் போனால் மேலிடத்திலிருந்து அழைப்பு வந்துவிடும். அப்படிப்பட்ட நான், சென்ற மாதம் எங்கள் வீட்டுக் குளியலறை வாசலில் ஒருவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் அரை நிமிடம் நின்றேன்.

"இந்த ஹீட்டர மாட்டுனது யாரு தம்பி?"

மாட்டியவன் நான்தான்.

முதலிலிருந்து சொல்கிறேன். எங்களுடையது இரட்டை மாடி தெரஸ் வீடு. மாடிக் குளியலறையின் தரை வழவழவென்று ஆகி, அம்மா இரண்டு முறை வழுக்கி, சுவரைப் பிடித்துத் தப்பினார். தீபாவளிக்குள் மாற்றிவிட வேண்டும் என்று முடிவெடுத்தோம். குத்தகையாளர் சொன்ன விலையைக் கேட்டதும் மச்சானுக்கும் எனக்கும் வீரம் வந்துவிட்டது. "நாமளே செஞ்சிடலாம்" என்று இறங்கினோம்.

தரை வேலையை நாங்களே செய்ததில் எனக்கு வருத்தம் இல்லை. குளியலறை 5 அடிக்கு 7 அடி, அதாவது 35 சதுர அடி. 12 அங்குல டைல்ஸ் 35 போதும் என்று மச்சான் கணக்குப் போட்டார். வெட்டுவதிலும் உடைவதிலும் போவதற்கு 10 விழுக்காடு கூட வாங்கச் சொன்னார் கடைக்காரர். 39 வாங்கினோம், மிச்சம் ஒன்றுதான். பளபளக்கும் 2 அடி டைல்ஸ் மீது எனக்கு ஆசை. "பெரிய டைல்ஸ் போட்டா சரிவு சரியா வராது" என்று அவரே தடுத்தார். சிறிய டைல்ஸில் இணைப்புக் கோடுகள் அதிகம், காலுக்குப் பிடிப்பும் அதிகம். பெட்டியின் மேல் ஆர்10, ஆர்11 என்று போட்டிருக்கும். எண் கூடக் கூட வழுக்கல் குறையும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் நிறத்தைப் பார்ப்பதற்கு முன் இதைப் பாருங்கள்.

டைல்ஸுக்கு அடியில் இருப்பதுதான் முக்கியம். பழைய தரையை உடைத்துச் சுத்தம் செய்தபின், நீர் இறங்காமல் தடுக்கும் வாட்டர்புரூஃப் பூச்சை இரண்டு முறை அடித்தோம். முதல் பூச்சு நீளவாக்கில், அது காய்ந்தபின் இரண்டாவது அகலவாக்கில். தரையோடு நிறுத்தாமல் சுவரிலும் ஏற்றினோம். பிறகு தண்ணீர் வெளியேறும் துளையை அடைத்து, 2 அங்குல உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தி, 24 மணி நேரம் காத்திருந்தோம். கீழே சமையலறைக் கூரையில் ஈரம் இல்லை என்று பார்த்த பிறகுதான் டைல்ஸ் பெட்டியைத் திறந்தோம்.

அப்படியும் தப்பு நடந்தது. துளையை நோக்கி 1 மீட்டருக்கு 1.25 செண்டிமீட்டர் சரிவு வைக்க வேண்டும். நாங்கள் ஒரு மூலையில் ரசமட்டம் வைத்துப் பார்க்க மறந்தோம். தண்ணீர் ஊற்றியதும் அங்கே குட்டிக் குளம். கலவை இறுகுவதற்குள் 6 டைல்ஸைப் பெயர்த்து மறுபடி ஒட்டினோம். நட்டம் என்று பார்த்தால் ஒரு சனிக்கிழமையும் முதுகு வலியும்தான்.

அடுத்தது ஹீட்டர். புதுச் சுவருக்கு ஏற்ப அதைக் கொஞ்சம் நகர்த்த வேண்டும். நான் ஸ்குரூ டிரைவரை எடுத்தபோது மனைவி குறுக்கே நின்றார். "டைல்ஸ் தப்பாப் போனா பேத்துக்கலாம். கரண்டு தப்பாப் போனா?"

முப்பது ஆண்டு அனுபவமுள்ள வயர்மேன் ஒருவரை அழைத்தோம். அவர் ஹீட்டரின் மூடியைத் திறந்துவிட்டுத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

5 ஆண்டுகளுக்கு முன் காணொளி பார்த்து அதை மாட்டினேன். சிவப்புக் கம்பி ஓரிடம், கறுப்புக் கம்பி ஓரிடம். பச்சைக் கம்பிக்கு நீளம் போதவில்லை. அது இல்லாமலே தண்ணீர் சூடானது. அப்புறம் எதற்கு என்று மடித்து உள்ளே தள்ளி மூடிவிட்டேன். வீட்டில் எல்லாரிடமும் பெருமையும் அடித்துக்கொண்டேன்.

அந்தப் பச்சைக் கம்பிதான் எர்த். கருவிக்குள் மின்சாரம் கசிந்தால் அதைப் பத்திரமாக மண்ணுக்குக் கொண்டுபோகும் வழி அது. அந்த வழியை அடைத்துவிட்டால், கசியும் மின்சாரம் வேறு வழி தேடும். ஈரத்தரையில் நின்று ஷவரின் உலோகக் குழாயைத் தொடுபவர்தான் அந்த வழி.

வயர்மேன் சோதித்துப் பார்த்துவிட்டு, "உள்ள கசியுதே, குளிக்கிறப்ப யாருக்கும் ஒண்ணும் தெரியலையா?" என்றார். எனக்கு அடிவயிறு கலங்கியது. இரண்டு மாதமாக அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். "அந்தக் குழாயத் தொட்டா ஜிவ்வுன்னு இருக்குய்யா." நாங்கள் சிரித்தோம். "நரம்புத் தளர்ச்சிம்மா, சத்து மாத்திரை சாப்பிடுங்க" என்றேன். மாத்திரையும் வாங்கிக் கொடுத்தேன்.

"ஆனா ட்ரிப் ஆகலையே அண்ணே?" என்று கேட்டேன். அவர் மின்பெட்டியைத் திறந்து விளக்கினார். வரிசையாக இருக்கும் சின்ன சுவிட்சுகள் எம்சிபி. அவை கம்பி சூடேறி எரியாமல் காப்பவை. ஆளைக் காப்பது ஆர்சிசிபி. போன மின்சாரம் முழுசாகத் திரும்பி வருகிறதா என்று அது கணக்குப் பார்க்கும். குறைந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள், உடனே துண்டித்துவிடும். எங்கள் வீட்டில் இருந்தது 100 மில்லியம்பியர் கசிந்தால்தான் துண்டிக்கும் வகை. மனித உடலுக்கு 10 மில்லியம்பியரே அதிகம். அந்த அளவில் தசை இறுகி, பிடித்த குழாயை விட முடியாமல் போகலாம். அதனால்தான் நம் நாட்டின் 1994 மின்சார ஒழுங்குமுறை விதிகள், தரை ஈரமாக இருக்கும் இடங்களுக்கு 10 மில்லியம்பியர் ஆர்சிசிபியைக் கேட்கின்றன. அம்மாவுக்கு வந்த 'ஜிவ்' அதைவிடக் குறைவாக இருந்திருக்க வேண்டும். கசிவு கொஞ்சம் கூடியிருந்தால் என்று நினைக்கவே எனக்குத் துணிவில்லை.

இன்னொன்றும் சொன்னார். 3.6 கிலோவாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 16 அம்பியர் இழுக்கும். அதை 13 அம்பியர் பிளக்கில் சொருகுவது கூடாது. மின்பெட்டியிலிருந்து தனி இணைப்பும் தனி சுவிட்சும் வேண்டும். வாங்கும்போது சிரிம் முத்திரை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு கோடு போட்டாகிவிட்டது. டைல்ஸ், இணைப்புப் பூச்சு, ஷவர் தலை, குழாய் வாஷர் எல்லாம் எங்கள் வேலை. ஹீட்டர், புது வயரிங், மின்பெட்டி ஆகியவை எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேன் வேலை. அவருக்குக் கொடுக்கும் வெள்ளியை நான் இனி செலவுக் கணக்கில் எழுதப் போவதில்லை.

புது ஹீட்டரும் புது ஆர்சிசிபியும் மாட்டிய அன்று அம்மாதான் முதலில் குளித்தார். வெளியே வந்ததும் அந்தப் பச்சைக் கம்பி விவகாரத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். தலையைத் துவட்டிக்கொண்டே, "நான்தான் அப்பவே சொன்னேன்ல" என்றார். அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

வாசகர்களே, இன்று ஒரு சின்ன வேலை செய்யுங்கள். மின்பெட்டியில் ஆர்சிசிபி மேல் 'டி' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்துங்கள். மின்சாரம் உடனே துண்டிக்கப்பட வேண்டும். அப்படி ஆகாவிட்டால் நாளைக்கே வயர்மேனைக் கூப்பிடுங்கள். ஹீட்டரில் இருக்கும் சோதனைப் பொத்தானையும் அப்படியே அழுத்திப் பாருங்கள். மாதம் ஒரு முறை இதைச் செய்தால் போதும்.

வீட்டில் யாராவது, குறிப்பாக வயதானவர்கள், குழாயைத் தொட்டால் ஜிவ்வென்று இருக்கிறது என்றால், மாத்திரை வாங்க ஓடாதீர்கள். முதலில் மெயின் சுவிட்சை அடையுங்கள்.