மவுண்ட் செய்யும் அதிகாரம் யாருக்கு வேண்டும்?

வேறொரு சர்வரிலுள்ள கோப்புத் தொகுதியை, லினக்ஸ் இயங்கும் கம்ப்யூட்டரின் டைரக்டரி ஒன்றில் பொருத்திக்கொள்வதற்கு 'மவுண்ட்' செய்தல் என்று பெயர். விண்டோஸ் முறையில் பகிரப்படும் கோப்புகளுக்காக இவ்வேலையைச் செய்யும் புரோகிராம் 'மவுண்ட்.சிஐஎஃப்எஸ்' என்பதாகும். அளவில் சிறியதாயினும், அது விளைவித்த தொல்லை சிறியதன்று.

மவுண்ட் செய்யும் அதிகாரம் 'ரூட்' எனப்படும் தலைமை உபயோகிப்பாளருக்கே உரியது. ஏனையோருக்கும் அவ்வசதியை அளிக்க, புரோகிராமுக்கு 'செட்யூஐடி' என்னும் அடையாளத்தை இடுவதுண்டு. பெல் ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த டென்னிஸ் ரிச்சி கண்ட இம்முறைக்கு 1979-ல் அமெரிக்கப் பேடன்ட் கிடைத்தது. இவ்வடையாளம் பெற்ற புரோகிராமை யார் இயக்கினாலும் அது ரூட்டின் அதிகாரத்துடனேயே இயங்கும். ஒரு பெட்டியை மட்டும் திறப்பதற்காகக் குமாஸ்தாவிடம் கஜானாச் சாவிக் கொத்து முழுவதையும் கொடுத்தனுப்புவதை இது ஒக்கும். குமாஸ்தா நாணயமானவராயிருந்தால் மட்டும் போதாது. பிறர் அவரை ஏமாற்றவும் இயலாதிருத்தல் வேண்டும்.

ஏமாற்ற இயலும் என்பது 2010-ல் தெளிவாயிற்று. டைரக்டரி உபயோகிப்பாளருடையதுதானா என்று புரோகிராம் முதலில் சோதித்தது. பிறகு மவுண்ட் செய்தது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட கணப்பொழுதில் அந்த டைரக்டரியை அகற்றிவிட்டு, அதே பெயரில் வேறிடத்தைச் சுட்டும் ஓர் இணைப்பை ஒருவர் வைத்துவிட்டால், அமைப்புக் கோப்புகள் உள்ள 'எட்சி' டைரக்டரியின்மீதே அவர் விரும்பிய கோப்புகள் வந்து அமர்ந்துவிடும். அதன்பின் அவர் ரூட் ஆவதற்கு அதிக நேரம் பிடிக்காது. முதலில் டைரக்டரிக்குள் நுழைந்து, அவ்விடத்திலேயே சோதித்து மவுண்ட் செய்யுமாறு புரோகிராம் திருத்தப்பட்டது. செட்யூஐடி அடையாளத்துடன் இயங்க மறுக்கும் வண்ணம் அதன் ஆசிரியர்களே அக்காலத்தில் ஒரு தடையையும் சேர்த்தனர் என்பது கவனிக்கத்தக்கது.

2022-ல் வெளிவந்த குறை இன்னும் வியப்புக்குரியது. 'ஐபி' விலாசத்தின் நீளத்தைப் பார்க்கும் சோதனை, எவ்வளவு நீளமான விலாசத்தையும் சரியென்றே ஏற்றுக்கொண்டது! மிகுதியான எழுத்துகள் நினைவகத்தில் வழிந்து, ரூட் அதிகாரம் பிறர் கைக்கு மாறக்கூடிய வழி உண்டாயிற்று. 6.15-ஆம் பதிப்பில் இது சீராக்கப்பட்டது. கடவுச்சொல் கோப்பின் உள்ளடக்கம் விவரச் செய்திகளின் வழியாக வெளிப்படும் பிழை 2009-ல் ஒருமுறை கண்டறியப்பட்டது. அதே இனத்தைச் சேர்ந்த பிழை 2022-லும் தலைகாட்டியது.

இக்குறைகளைப் பயன்படுத்திக்கொள்ள அந்த யந்திரத்திலேயே கணக்கு வேண்டும். ஆகவே அபாயம் சொற்பமே என்று வாதிப்போர் உளர். அலுவலர் ஒருவர் தனியே உபயோகிக்கும் கம்ப்யூட்டருக்கு இவ்வாதம் பொருந்தலாம். ஒரே யந்திரத்தில் மாணவர் பலர் மாறி மாறி அமரும் பள்ளிக்கூடத்திற்கு எவ்விதம் பொருந்தும்? அங்கு கணக்கு இல்லாதவர் யார்? ஒரு மாணவர் ரூட் ஆகிவிட்டால் அந்த யந்திரத்தில் ஏனையோருடைய கோப்புகளும் கடவுச்சொற்களும் அவர் வசமாகிவிடும்.

பெரும்பாலான இடங்களில் இவ்வடையாளம் அவசியமே இல்லை. எப்போதும் வேண்டிய பகிர்வுகளை, யந்திரம் துவங்கும்பொழுதே மவுண்ட் ஆகுமாறு நிர்வாகி 'எஃப்எஸ்டேப்' கோப்பில் எழுதிவிடலாம். கடவுச்சொல் கோப்பை ரூட் மட்டுமே படிக்குமாறு வைக்கலாம். எப்போதேனும் தேவைப்படுவோருக்கு, மவுண்ட் அதிகாரமின்றியே பகிர்வைத் திறந்து காட்டும் கோப்பு மேலாளர்கள் இருக்கின்றன. டெபியன் வகை லினக்ஸில் அடையாளத்தை நீக்கும்பொழுது, அதனை 'டிபிகேஜி-ஸ்டேட்ஓவர்ரைடு' வாயிலாகப் பதிந்து வைத்தல் நலம். இல்லையேல் அடுத்த புதுப்பிப்பில் அது மீண்டும் வந்துவிடும்.