வாஷிங்டன் என்னும் குடிப்பெயர்

மேனாட்டார் ஒருவரையொருவர் அறிமுகம் செய்துகொள்ளுங்கால் முதலில் வினவுவது குடிப்பெயரையே. அப்பெயர் செவியில் விழுந்த மாத்திரத்தில், இவர் இன்ன வமிசத்தார், இவர்தம் முன்னோர் இன்ன நிலையினர் என்று மனத்துள் முடிவு கட்டிவிடுவோர் பலர். குடிப்பெயர் குருதிக்குச் சான்று என்பது அன்னாரின் துணிபு. அத்துணிபு எத்துணை வலியற்றது என்பதை, உலகறிந்த ஆங்கிலக் குடிப்பெயர் ஒன்றின் சரித்திரத்தைக் கொண்டு ஆராயப் புகுகின்றோம். வாஷிங்டன் என்பதே அப்பெயர்.

முதற்கண் அறியத்தக்கது, அது ஊரின் பெயர் என்பதே. இங்கிலாந்தின் வடகிழக்கில், டர்ஹம் நகருக்கு வடக்கே, வாஷிங்டன் என்றோர் ஊர் இன்றும் உளது. வாஸா என்பானைச் சார்ந்தோரின் குடியிருப்பு என்று அதற்குப் பொருள் கூறுவர் அறிஞர் பலர். 1066-ல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பின்னர், நிலமுடையோர் தம் நிலத்தின் பெயரால் வழங்கப்படுதல் அந்நாட்டில் வழக்கமாயிற்று. அவ்வாறே ஹெர்ட்பர்ன் என்னும் ஊரை உடையவராயிருந்த வில்லியம் என்பார் அவ்வூர்ப் பெயரால் அறியப்பட்டார். பின்னர் அவர் அவ்வூரைக் கொடுத்து, அதற்கு ஈடாக டர்ஹம் அத்தியட்சரிடம் வாஷிங்டனைப் பெற்றார். 1183-ல் தொகுக்கப்பெற்ற போல்டன் ஏடு என்னும் நிலக்கணக்கில் இச்செய்தி காணப்படுகின்றது. ஊருக்காக நான்கு பவுன் இறுப்பதும், அத்தியட்சரின் பெருவேட்டைக்கு நான்கு வேட்டை நாய்களுடன் உடன் செல்வதும் அவர்தம் கடமைகளாம். ஊர் மாறவே பெயரும் மாறிற்று. அந்நிலமாற்றம் நிகழாதிருந்தால், இன்று அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தலைநகர் ஹெர்ட்பர்ன் எனப்பட்டிருக்கும்! ஒரு வமிசத்தின் தனிச்சிறப்பென்று போற்றப்படும் பெயர், ஒரு நிலப் பரிமாற்றத்தின் விளைவேயாகும்.

அக்குடும்பத்தின் ஒரு கிளை லங்காஷயர்ப் பகுதியிலுள்ள வார்ட்டன் என்னும் ஊரிற் சென்று தங்கிற்று. அங்கிருந்து புறப்பட்ட லாரன்ஸ் வாஷிங்டன் என்பார் நார்தாம்ப்டன் நகரில் கம்பளி வாணிபத்தாற் பொருளீட்டி, இருமுறை அந்நகரின் மேயராகவும் விளங்கினார். எட்டாம் ஹென்றி மன்னன் மடங்களைக் கலைத்து அவற்றின் நிலங்களை விற்றகாலை, 1539-ல் ஸல்கிரேவ் பண்ணையை அவர் விலைக்கு வாங்கினார். அவர் வழித்தோன்றலாகிய மற்றொரு லாரன்ஸ், ஆக்ஸ்போர்டிற் கற்று, எஸ்ஸெக்ஸ் பகுதியில் பர்லீ என்னும் ஊரின் குருவானார். நாட்டில் உள்நாட்டுப்போர் மூண்டிருந்த 1643-ல், மதுக்கடைக்கு அடிக்கடி செல்பவர் என்று குற்றஞ்சாட்டி, பியூரிட்டன் கட்சியார் அவரைப் பதவியினின்று நீக்கினர். தந்தையின் வாழ்வு இங்ஙனம் சரிந்தமையால், மகன் ஜான் கடலை நாடினார். புகையிலை வாணிபக் கப்பல் ஒன்றில் துணை மாலுமியாய் வெர்ஜீனியாவை அடைந்தார். 1657-ன் தொடக்கத்தில் அக்கப்பல் போட்டோமாக் ஆற்றிற் கரைதட்டவே, அவர் அங்கேயே தங்கி மணஞ்செய்து குடியேறினார். அவருடைய பேரனுக்குப் பேரனல்லர், மகனுடைய பேரரே 1732-ற் பிறந்த ஜார்ஜ் வாஷிங்டன்.

நிற்க. ஜார்ஜ் வாஷிங்டனுக்கு மக்கட்பேறு இல்லை. அவரது புகழ் அவர்தம் குருதி வழியே ஒருவருக்கும் இறங்கவில்லை. அவரது மவுண்ட் வெர்னன் பண்ணையில் 1799-ல் 317 அடிமைகள் இருந்தனர். அவருள் 123 பேர் அவருக்கே உரியவர். தம் மனைவியின் காலத்திற்குப் பின் அவர்கள் விடுதலை பெறவேண்டுமென்று மரண சாசனத்தில் எழுதி, அவ்வாண்டே அவர் மறைந்தார். அம்மையாரோ அத்துணைக் காலம் தாழ்க்காது, 1801-ம் ஆண்டின் முதல் நாளிலேயே அவர்களை விடுவித்தார். நாட்டின் விடுதலைக்குப் போராடிய பெருமகன் தம் வாழ்நாள் முழுதும் பிறரை அடிமைகொண்டிருந்தார் என்பதை மறைத்துப் பேசுதல் சரித்திரத்திற்கு அழகன்று.

இனி, இன்று இப்பெயரைத் தாங்கி நிற்போர் யாவர்? 2000-ம் ஆண்டில் அமெரிக்காவில் எடுக்கப்பட்ட குடிக்கணக்கின்படி, வாஷிங்டன் என்னும் குடிப்பெயருடையார் 1,63,036 பேர். அவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றின்மர் ஆபிரிக்க வமிசத்தார். 1865-ல் அடிமைமுறை ஒழிந்தபின், விடுதலை பெற்றோர் பலர் தமக்கெனக் குடிப்பெயர் தெரிந்துகொண்டனர். அங்ஙனம் தெரிந்துகொண்டோருள் தலைசிறந்தவர் புக்கர் வாஷிங்டன். 1856-ல் வெர்ஜீனியாவில் அடிமையாய்ப் பிறந்த அவர், விடுதலைக்குப்பின் பள்ளி சென்றபோது, ஏனைப் பிள்ளைகளுக்கெல்லாம் இரு பெயர் இருக்கக் கண்டார். அவருக்கோ புக்கர் என்னும் ஒரு பெயரே. ஆசிரியர் வினவியகாலை, சற்றும் தயங்காது புக்கர் வாஷிங்டன் என்று விடையிறுத்தார். 1881-ல் அலபாமாவில் டஸ்கீஜீ கல்விச்சாலையின் தலைவராய் அமர்ந்து, 1915-ல் உயிர் நீங்கும்வரை அதனை வளர்த்தார். பள்ளியிற் பெயர் தெரிந்துகொண்ட நிகழ்ச்சியை அவரே தம் வரலாற்று நூலில் எழுதியுள்ளார்.

அஃது இரவற்பெயரன்றோ என்று ஒருசாரார் கூறலாம். ஆயின் ஹெர்ட்பர்ன் வில்லியம் பெற்றதும் இரவற்பெயரே. அவர் ஊரைப் பெற்று, ஊரினின்று பெயரைப் பெற்றார். ஊரோ வாஸா என்பானிடம் பெற்றது. பெயர்களுள் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு வாராதது யாது? முன்னவர் பெற்றதை உரிமை என்றும், பின்னவர் பெற்றதை இரவல் என்றும் பகுத்துரைப்பது நடுநிலையாகாது.

அடிமைகொண்டார் பெயரை அடிமையானார் சுமப்பது இழிவன்றோ என்று மற்றொரு சாரார் வினவுவர். இவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. 1925-ல் லிட்டில் என்னும் குடிப்பெயருடன் பிறந்த மால்கம், தம் முன்னோரின் ஆபிரிக்கப் பெயர் அழிக்கப்பட்டமையைக் காட்டவே அதனை நீக்கி எக்ஸ் என்னும் எழுத்தை வைத்துக்கொண்டார். அவர் செயலை நாம் குறைகூறோம். ஒருவர் ஒரு பெயரைத் தெரிந்து தமதாக்கினார். மற்றவர் ஒரு பெயரைத் தெரிந்து துறந்தார். இருவர் செயலும் உணர்த்துவது ஒன்றே: பெயரின்மேல் முதல் உரிமை அதனைத் தாங்கி வாழ்பவனுக்கே உரியது.

ஆகலின், ஒருவன் குடிப்பெயரைக் கேட்ட அளவில் அவன் குருதியை அறிந்துவிட்டோம் என்று எண்ணுதல் பேதைமையாம். அப்பெயர் காட்டுவது அவன் முன்னோர் நடந்த வழியினையே: இங்கே ஒரு நிலமாற்றம், அங்கே ஒரு பதவியிழப்பு, ஆற்றில் ஒரு கரைதட்டல், பள்ளியறையில் ஒரு சிறுவனின் துணிவு. 1792-ல் இலண்டனிலிருந்து விருதுச்சின்ன அதிகாரி ஒருவர் ஜார்ஜ் வாஷிங்டனிடம் அவர்தம் வமிசாவளியைப் பற்றி வினவிய கடிதத்திற்கு, அவ்விஷயத்தில் தாம் மிகச் சிறிதே கவனம் செலுத்தியதாக அவர் மறுமொழி எழுதினார். அப்பெயரை உலகறியச் செய்தவரே அதன் பழமையை அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. நாம் அதனினும் மிகுதியாய்ப் பொருட்படுத்த வேண்டுவதில்லை.