சீட்டும் சித்திரமும்

சீட்டு என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் சீர்திருத்தம் பேசுவோர் முகஞ் சுளிப்பது இயல்பே. சம்பள நாளன்று வாங்கிய கூலியை அன்றிரவே சீட்டில் தோற்று வெறுங்கையோடு திரும்பியவர்களின் குடும்பங்கள் பட்ட பாட்டைத் தோட்டத்திலும் பட்டணத்திலும் அறியாதார் இலர். சூதை நாம் கண்டித்தே வந்துள்ளோம், இனியும் கண்டிப்போம். ஆயின், சீட்டை ஆடுவது வேறு. சீட்டைச் சித்திரமாகத் தீட்டுவது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு, “குடியைக் கெடுக்கும் சீட்டுக்குச் சித்திரத்தில் என்ன வேலை? மக்களுக்குப் புத்தி புகட்டாத ஓவியம் யாருக்கு வேண்டும்?” என்று கேட்போர் நம்மவருள்ளும் இருக்கின்றனர். அவர்கட்கு விடையாக ருஷிய ஓவியர் ஒருவரின் வரலாற்றை இங்கே எடுத்துக் காட்டுவோம்.

விளாதிமிர் நெமூகின் என்பது அவர் பெயர். 1925ஆம் ஆண்டிற் பிறந்து 2016ஆம் ஆண்டில் மறைந்தவர். மாலேவிச் என்னும் பெரும் புரட்சி ஓவியரிடம் பயின்ற பியோத்தர் சோக்கோலோவ் என்பார் இவருக்கு ஆசிரியர். 1950களின் இறுதியில் இவர் அருவ ஓவியத்தில் இறங்கினார். அஃதாவது, மனிதர், மரம், வீடு என்று எதனையும் காட்டாது, நிறமும் கோடும் பரப்புமே பேசுமாறு தீட்டும் முறை. 1960களில் அந்நிறப் பரப்பின்மீது சீட்டு வந்து விழுந்தது. அதன்பின் அவர் வாழ்நாள் முழுவதும் சீட்டு அவரை விடவில்லை.

நெமூகினுடைய சீட்டு எவரையும் சூதாட அழைப்பதன்று. கிளறிவிட்ட மணல் போலவும், கசங்கிய மேசை விரிப்புப் போலவும் தோன்றும் ஒரு நிறப் பரப்பு. அதன்மேல் சாய்ந்தும் பாதி மறைந்தும் கிடக்கும் சில சீட்டுகள். அவ்வளவே. ஒருவர் தனியே இருந்து ஆடும் பேஷன்ஸ் ஆட்டம் முடியாமல் நிற்பதையே ஒரு படத்துக்குத் தலைப்பாக வைத்தார். ஆடியவர் யார், ஏன் எழுந்து போனார் என்பதைப் படம் சொல்லாது. பார்ப்பவரே எண்ணிக்கொள்ள வேண்டும்.

“இத்தகைய கிறுக்கல் ஏழை மக்களுக்கு விளங்குமா?” என்பது அடுத்த கேள்வி. நாம் திருப்பிக் கேட்கின்றோம்: டைமன் என்பது எந்தப் பொருளின் உருவம்? சாய்த்து நிறுத்திய சிவப்புச் சதுரம், வேறில்லை. சீட்டிலுள்ள ராஜா எந்த நாட்டு ராஜாவின் சாயல்? இடுப்புக்கு மேலும் தலை, கீழும் தலையாக ஒரு மனிதன் உலகில் உண்டோ? ஆயினும் கையெழுத்துப் போடத் தெரியாதவனும் டைமனை அறிவான், இஸ்பேடை அறிவான், ராஜாவை ஆஸ் வெட்டும் என்பதையும் அறிவான். அருவ ஓவியம் ஏழைக்கு விளங்காது என்போர், அவன் கையிலே நெடுங்காலமாக ஐம்பத்திரண்டு அருவ ஓவியங்கள் புழங்கி வருவதைக் கவனிக்கவில்லை! நெமூகின் செய்தது, மக்கள் அறிந்த அக்குறியை மக்கள் அறியாத நிறப் பரப்பில் கொண்டு போய் வைத்ததுதான். பழகிய முகம் ஒன்று வாயிலில் நின்றால் புதிய வீட்டுக்குள் நுழையக் கூச்சம் இராதன்றோ?

ருஷிய ஓவியத்தில் சீட்டு நேற்று வந்ததுமன்று. 1910ஆம் ஆண்டில் மாஸ்கோவில் லரியோனோவ், கொஞ்சலோவ்ஸ்கி முதலிய இளைஞர்கள் நடத்திய கண்காட்சிக்கு ‘டைமன் ஜாக்கி’ என்றே பெயரிட்டனர். ஜார் ஆட்சியில் கைதிகளின் முதுகில் டைமன் வடிவில் துணி தைக்கப்பட்டது. ஆகவே மரியாதைப்பட்ட கலைஞர் சபைகளை எள்ளுவதற்கு அப்பெயர் ஏற்றதாயிற்று. 1918ஆம் ஆண்டில் இளவயதிலேயே மாண்ட ஓல்கா ரோஸனோவா என்னும் ஓவியப் பெண்மணி, சீட்டுருவங்களை வரிசையாகவே தீட்டியுள்ளார். நெமூகின் தம் படங்களில் டைமன் ஜாக்கியை மீண்டும் மீண்டும் அழைத்தபோது, அறுந்துபோன இம்மரபையே முடிந்து கட்டினார்.

அம்மரபை அறுத்தது யார்? 1932ஆம் ஆண்டு ஏப்ரல் 23ந் தேதி சோவியத் கட்சித் தலைமை ஓர் உத்தரவால் கலைஞர்களின் தனிச் சங்கங்களைக் கலைத்தது. 1934ஆம் ஆண்டில் சோஷலிஸ்ட் யதார்த்தம் என்னும் ஒரே வழி வகுக்கப்பட்டது. பெரியார் ஈ. வெ. ரா. அவர்கள் சோவியத் நாட்டைச் சுற்றிப் பார்த்ததும் அதே 1932ஆம் ஆண்டில்தான். எழுத்தறிவு, பெண்ணுரிமை, மூடநம்பிக்கை ஒழிப்பு ஆகியவற்றில் அந்நாட்டைப் பார்த்து நம் இயக்கத்தார் ஊக்கம் பெற்றனர். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆயினும், நல்லதைக் கற்றுக்கொண்ட நாட்டினிடம் அல்லதையும் அடையாளங் காண்பதன்றோ பகுத்தறிவு? ஆளைப் பார்த்து ஒரு தராசும் ஊரைப் பார்த்து ஒரு தராசும் வைத்துக்கொள்வது புரோகிதன் வழக்கம். நமக்கு அது ஆகாது.

1962ஆம் ஆண்டு டிசம்பர் 1ந் தேதி மாஸ்கோவின் மானேஷ் மண்டபத்தில் புதுமுறை ஓவியங்களைக் கண்ட குருஷ்சேவ் அவற்றை வாய்க்கு வந்தபடி வைதார். 1974ஆம் ஆண்டு செப்டம்பர் 15ந் தேதி, மண்டபம் கிடைக்காத ஓவியர்கள் மாஸ்கோவின் ஓரத்தில் பெல்யாயெவோ என்ற இடத்திலிருந்த வெறும் புறம்போக்கில் தம் படங்களைக் காட்ட முனைந்தனர். ஆஸ்கார் ராபின் முன்னின்றார். நெமூகினும், லிதியா மாஸ்தெர்க்கோவாவும் உடன் சென்றனர். சர்க்கார் அனுப்பியது என்ன தெரியுமா? புல்டோசர் யந்திரங்களும் தண்ணீர் பீய்ச்சும் வண்டிகளும்! உலகம் கைகொட்டிச் சிரிக்கவே, இரண்டு வாரங்கழித்து இஸ்மாயிலோவோ பூங்காவில் நான்கு மணி நேரம் காட்ட அனுமதி தந்தனர். ஆயிரக்கணக்கானோர் வந்து பார்த்தனர். மாஸ்தெர்க்கோவா 1975ஆம் ஆண்டில் நாட்டை விட்டே வெளியேறினார். ராபினின் குடியுரிமை 1978ஆம் ஆண்டில் பறிக்கப்பட்டது.

இதிலே வேடிக்கை ஒன்று உண்டு. 1918ஆம் ஆண்டில் ஜார் மன்னனைக் குடும்பத்தோடு சுட்டுக் கொன்ற அந்நாட்டில், லெனின்கிராடு நகரத்துச் சர்க்கார் வர்ண அச்சகம், ஜார் காலத்தில் ஷார்லமான் என்பவர் வரைந்த ராஜா ராணிகளோடு சீட்டுக்கட்டுகளை அச்சிட்டு விற்று வந்தது! அவர்கள் வெறுத்தது சீட்டையன்று என்பது இதனால் விளங்கவில்லையா? சட்டைப்பையிலுள்ள சீட்டு பொழுதைப் போக்கும்; சர்க்காருக்கு அதனால் ஆபத்தில்லை. படத்திலுள்ள சீட்டோ, பார்ப்பவனைத் தானே பொருள் தேட வைக்கும். உத்தரவுப்படி சிந்திக்கப் பழக்கப்பட்ட நாட்டில் ஆபத்து அதுவேயாம்.

“அப்படங்களில் அரசியல் மறைபொருள் உண்டு, அதனால்தான் தடுத்தனர்” என்று மேல்நாட்டார் சிலர் சாமர்த்தியம் பேசுவர். அதையும் நாம் ஒப்போம். அவர்கள் ராஜாவுக்கு ஓர் அரசியல் பொருள், ஜாக்கிக்கு ஓர் அரசியல் பொருள் என்று அகராதி எழுதுகின்றனர். ஒருவன் பாடம் சொல்லவில்லை என்று படத்தைத் தள்ளுகிறான். மற்றவன் தனக்குப் பிடித்த பாடத்தை அதன் வாயில் திணித்துக் கொள்கிறான். இருவருக்கும் ஓவியம் கூலியாளே.

சோவியத் ஆட்சி 1991ஆம் ஆண்டில் முடிந்தது. அவ்வாட்சி தள்ளிய படங்களுள் எத்தனையோ, நார்ட்டன் டாட்ஜ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் சேகரித்துக் கொண்டுபோக, நியூஜெர்சியிலுள்ள ரட்கர்ஸ் சர்வகலாசாலையின் பொருட்காட்சிச் சாலையில் இருக்கின்றன. தன் வீட்டுச் செல்வத்தைத் தானே தெருவில் எறிந்த நாட்டின் கதை இது.

சீர்திருத்த நண்பர்களே! கோயிலுக்குள் எவன் போகலாம் என்று கட்டளையிட்டவனை எதிர்த்த நாம், ஓவியத்துக்குள் எது வரலாம் என்று கட்டளையிடத் தொடங்கினால், பூணூல் மாறியதேயன்றிப் புரோகிதம் மாறவில்லை என்றே பொருள். சூதாடியின் கையிலுள்ள சீட்டைப் பிடுங்குங்கள். அவன் குழந்தைகளுக்குச் சோறு கிடைக்கும். ஓவியன் தீட்டிய சீட்டைப் பிடுங்காதீர்கள். அதனால் ஒரு குழந்தைக்கும் ஒரு பருக்கை கூடக் கிடைக்கப் போவதில்லை.