பக்கத்து வீட்டுக் கொடிக்கம்பம்

ஊரிலிருந்து அம்மா பேசினாள். "தையக்கார மாமா வீட்டுல கொடிக்கம்பம் நடறாங்கப்பா. நம்ம மதிலுக்கு அந்தப் பக்கம், ரெண்டடி கூட இல்ல. குழி எடுத்தாச்சு."

குரலில் கோபம் இல்லை. ஆனால் நான் ஏதாவது சொல்லட்டும் என்று காத்திருந்தாள். எனக்குச் சட்டென்று ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. "நான் சனிக்கிழமை வர்றேம்மா" என்று மட்டும் சொன்னேன்.

அந்தக் கம்பம் ஒன்றும் புதிதில்லை. எங்கள் ஊர் தஞ்சை மாவட்டத்தில் ஒரு பேரூராட்சி. தெருமுனையில் அடிபம்பை ஒட்டி, மூன்று படி வைத்த சிமென்ட் பீடத்தில் நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அது நின்றது. 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி இளந்திரையன், பொது இடங்களில் உள்ள கட்சி, சாதி, மத அமைப்புகளின் கொடிக்கம்பங்களை எல்லாம் 12 வாரத்துக்குள் எடுக்கச் சொன்னார். வேண்டுமென்றால் சொந்தப் பட்டா நிலத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். வழக்கு அதற்குப் பிறகும் மேல்முறையீடு, பெரிய அமர்வு என்று நீண்டது. எங்கள் தெருவில் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. கம்பத்தைக் கழற்றித் தையக்கார மாமா வீட்டுத் திண்ணையோரம் படுக்கவைத்தார்கள். இப்போது அவருடைய மகன் அதை வாசலில் நிறுத்தப்போகிறான்.

மாமா இறந்து நாலு வருடம் ஆகிறது. அவர் வீட்டு இரும்புக் கேட்டில் உதயசூரியன் இருக்கும். இரண்டு மலை, நடுவில் அரைவட்டம், அதிலிருந்து ஒன்பது கதிர். கும்பகோணத்தில் ஒரு பட்டறையில் கூடவே நின்று செய்து வாங்கியது என்பார். பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கக் காசு இல்லாத வருடத்திலும் கதிர்களுக்கு மட்டும் சிவப்பு பெயின்ட் ஏறிவிடும். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக அந்தக் கேட்டில் தொற்றி ஆடுவோம். கதிர் நுனி உள்ளங்கையில் பதிந்து வெகுநேரம் வலிக்கும்.

எதிர்வீடு ரைஸ்மில் பெரியப்பாவுடையது. அவர் வீட்டு மாடிக் கைப்பிடிச் சுவரில் சிமென்ட்டில் இரட்டை இலை எழும்பி நிற்கும். கொத்தனார் கரண்டி முனையால் நரம்பெல்லாம் கீறியிருப்பார். 1973-ல் திண்டுக்கல் இடைத்தேர்தலில் மாயத்தேவர் அந்தச் சின்னத்தில் ஜெயித்த சந்தோஷத்தில், அப்போது கட்டிக்கொண்டிருந்த மாடியில் வைத்தது என்று பெரியப்பா சொல்வார். மழைக்காலத்தில் அதன்மேல் பாசி படிந்து அசல் பச்சையாகிவிடும்.

இரண்டு வீட்டுக்கும் நடுவே இருபதடித் தெரு. ஒருவர் கேட்டைத் திறந்தால் இன்னொருவர் மாடி தெரியும். இந்தச் சின்னம் கண்ணில் படுகிறது, அதை எடு என்று ஒருவர் மற்றவரிடம் சொன்னதாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

தேர்தல் வந்தால் மாமாவின் கடையில் கொடி தைப்பு நடக்கும். எல்லாக் கட்சிக்கும் தைப்பார். தி.மு.க.வுக்கும் அ.தி.மு.க.வுக்கும் அதே கறுப்புத் துணி, அதே சிவப்புத் துணி. ஒன்றில் நடுவில் அண்ணா உருவம் வெள்ளையில் விழும், மற்றதில் விழாது. மிஷினடியில் துண்டுத்துணி முழங்கால் உயரம் கிடக்கும். "அந்தக் கட்சிக் கொடிய நீங்க தைக்கலாமா மாமா?" என்று ஒருமுறை கேட்டேன். "தைக்கிறது தொழிலுடா. கேட்டுல இருக்கே, அதான் நான்" என்றார். இத்தனை வருடம் பத்திரிகையில் இருந்தும், கூலிக்குப் பிடிக்கும் கொடிக்கும் சொந்த வாசலில் வைக்கும் கொடிக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

சண்டையே வரவில்லை என்று சொன்னால் பொய். ஒரு தேர்தல் முடிவு வந்த அன்று, ஜெயித்த பக்கத்துப் பையன்கள் சரவெடியைக் கொண்டுபோய்த் தோற்றவர் வீட்டு வாசற்படியில் போட்டுக் கொளுத்தினார்கள். அந்த வீட்டில் பச்சை உடம்புக்காரி ஒருத்தி பிள்ளையோடு இருந்தாள். ஆறு மாதம் இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை இல்லை. சின்னம் வைத்ததற்கு வராத சண்டை, வெடி படி தாண்டியதும் வந்தது.

எங்கள் வீட்டில் எந்தச் சின்னமும் கிடையாது. அப்பா அரசு ஊழியராக இருந்தவர். அம்மா யாருக்கு ஓட்டுப் போடுகிறாள் என்று அப்பாவுக்கே தெரிந்ததில்லை. அப்படிப்பட்டவளின் மதிலில்தான் 2021 தேர்தலுக்கு முன்னால் ஒரு மத்தியான நேரம் நான்கு பேர் வந்து சுண்ணாம்பு அடித்தார்கள். எந்தக் கட்சி என்பது இங்கே வேண்டாம். எல்லாக் கட்சியும் செய்வதுதான். முதலில் வெள்ளை, மூலையில் கட்சிப் பெயரும் வருடமும் போட்டுச் சுவரைப் பிடித்து வைப்பார்கள். பிறகு ஓவியர் வந்து பவுடர் கலரில் வஜ்ரம் கலந்து எழுதுவார். அம்மா சத்தம் கேட்டு வெளியே போயிருக்கிறாள்.

"யாரைக் கேட்டுப்பா எழுதுறீங்க?"

"தெரு பூரா எடுத்தாச்சும்மா. எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க."

எல்லாரும் என்றால் யார் என்று அவள் கேட்கவில்லை. தனியாக இருக்கும் எழுபது வயதுக்காரி எப்படிக் கேட்பாள்? உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாள் கோயிலில் ஒருத்தி, "நீங்க அவங்க பக்கமா? தெரியவே தெரியாதே" என்றிருக்கிறாள். நியாயவிலைக் கடையில் ஒருவர் வேறு மாதிரிப் பேசியிருக்கிறார். ஐம்பது வருடமாக வாய் திறந்து சொல்லாத ஒன்றை, அதுவும் தப்பாக, அவள் பேரில் அவள் மதிலே சொல்லிக்கொண்டிருந்தது. சுண்ணாம்பு போனது பெரிய விஷயமில்லை, வாயைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. இன்றும் அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 1959-லேயே வந்துவிட்டது. தேர்தல் ஆணையத்தின் நடத்தை விதிகளில், தனியார் நிலத்திலோ கட்டடத்திலோ மதிலிலோ உரிமையாளர் அனுமதியில்லாமல் கொடி கட்டவோ, நோட்டீஸ் ஒட்டவோ, எழுதவோ கூடாது என்று தெளிவாக இருக்கிறது. தேர்தல் நேரத்தில் நகர்ப்புறத்தில் சுவரெழுத்தே கூடாது, கிராமத்தில் வீட்டுக்காரர் எழுத்துமூலம் சம்மதித்தால் எழுதலாம். ஆனால் அனுமதி கேட்க ஒருவர் வாசலில் வந்து நிற்க வேண்டுமே. எங்கள் தெருவில் அப்படி யாரும் நின்று நான் பார்த்ததில்லை.

2017-ல் சென்னை அரும்பாக்கத்தில் ஒரு பெண்மணி, தன் வீட்டுக்கு முன்னால் வைத்த கட்சிப் பேனரை எடுக்கச் சொல்லி உயர் நீதிமன்றம் வரை போனார். உயிரோடு இருப்பவர் படத்தைப் பேனரில் போடவே கூடாது என்று நீதிபதி வைத்தியநாதன் அந்த வழக்கில் உத்தரவிட, மாநிலம் முழுக்க அது பேச்சானது. அந்த உத்தரவு பிறகு நிலைக்கவில்லை. என் மனதில் நிற்பது அந்தப் பெண்மணிதான். தன் வாசலை மறைக்காதே என்று சொல்ல ஒருவர் உயர் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் கல்யாணப் பேனர் ஒன்று சரிந்து, ஸ்கூட்டரில் போன 23 வயதுப் பெண் தண்ணீர் லாரியில் சிக்கி இறந்தாள். அதையும் வைத்தது அரசியல்வாதிதான்.

இந்தக் கோபத்தில், வீட்டில் சின்னமே வேண்டாம், கொடியே வேண்டாம் என்று நம்மில் நிறையப் பேர் சொல்ல ஆரம்பித்திருக்கிறோம். அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்கள் பால்கனியில் எதுவும் தொங்கக் கூடாது என்று விதி போடுகின்றன. அங்கேதான் நான் மாறுபடுகிறேன். கேட்காமல் எழுதியவன்மேல் உள்ள கோபத்தை, தன் கேட்டில் தானே சூரியனை வைத்துக்கொண்ட தையக்காரர்மேல் காட்டக் கூடாது.

அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தில் லாட்யூ என்று ஒரு சிற்றூர். 1990-ல் வளைகுடாப் போர் நெருங்கும்போது மார்கரெட் கில்லியோ என்ற பெண் தன் வீட்டு முற்றத்தில் போர் வேண்டாம் என்று எழுதி ஒரு பலகை நட்டார். முதல் பலகை காணாமல் போனது, அடுத்ததை யாரோ பிடுங்கிப் போட்டார்கள். போலீஸில் சொன்னால், இந்த ஊரில் பலகை வைப்பதே தப்பு என்றார்கள். அவர் விடவில்லை. வழக்குப் போட்டார், மாடி ஜன்னலில் ஒரு சாதாரணத் தாள் அளவுக்கு, வளைகுடாவில் அமைதி வேண்டும் என்று எழுதி ஒட்டினார். 1994-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் அவர் பக்கம் நின்றார்கள். தீர்ப்பு எழுதிய நீதிபதி ஸ்டீவன்ஸ் சொன்ன காரணங்களில் ஒன்று எனக்கு எங்கள் தெருவை நினைவூட்டியது. ஒரே வாசகம்தான், ஆனால் அது யார் வீட்டில் இருக்கிறது என்பதால் அதன் பொருளே மாறுகிறது என்றார். பெரிய பணமோ நடமாட வசதியோ இல்லாதவருக்கும் எட்டும் வழி அது என்றும் சொன்னார்.

நம்மிடமும் அது பழைய வழக்கம். 1965 குடியரசு நாளைத் துக்க நாளாக்கி வீடுகளில் கறுப்புக் கொடி ஏற்றச் சொன்னார் அண்ணா. பரந்தூர் விமான நிலையத்துக்கு நிலம் எடுக்கப்போகிறார்கள் என்றதும் 2022-ல் ஏகனாபுரத்துக்காரர்கள் வீட்டின்மேல் கறுப்புக் கொடி கட்டினார்கள். நிலம் போகப்போகிறவனிடம் வேறு என்ன இருக்கிறது? வீடுதான் இருக்கிறது, அதுதான் பேசும்.

2019 டிசம்பரில் பெசன்ட் நகரில் பெண்கள் குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிராகக் கோலம் போட்டார்கள். போலீஸ் பிடித்துக்கொண்டு போய்ப் பிறகு விட்டது. ஒரு வீட்டுக்காரர் தன் வாசலில் போட்டதை ஆட்சேபித்தார் என்று போலீஸ் தரப்பில் சொன்னார்கள். அது உண்மையென்றால், அந்த ஒரு வாசலில் கேட்காமல் போட்டது தவறு. கோலத்துக்காகக் கைது செய்தது அதைவிடப் பெரிய தவறு. அடுத்த சில நாளில் எத்தனையோ பேர் அதே கோலத்தைத் தங்கள் தங்கள் வாசலில் போட்டார்கள். அதை ஆட்சேபிக்க யாருக்கு என்ன உரிமை இருக்கிறது?

எல்லாருக்கும் இது ஒரே மாதிரி எளிது இல்லை என்பதும் தெரியும். வாடகைக்கு இருப்பவர் வீட்டுக்காரர் முகம் பார்க்க வேண்டும். எங்கள் ஊரிலேயே காலனிப் பக்கத்தில் ஒருவர் தன் வீட்டுச் சுவரில் அம்பேத்கர் படம் வரைந்தபோது, அந்த வழியாக வயலுக்குப் போகிறவர்கள் முகம் சுளித்தார்கள். ரைஸ்மில் பெரியப்பாவின் இலையை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. அந்தப் படத்துக்கும் இலைக்கு இருக்கும் அதே நிம்மதி கிடைக்காதவரை எங்கள் தெருவின் ஒற்றுமையை நான் முழுதாக மெச்ச மாட்டேன்.

சனிக்கிழமை ஊருக்குப் போனேன். பக்கத்து வீட்டு வாசலில் ஜல்லியும் சிமென்ட்டும் குவிந்திருந்தன. கம்பத்துக்கு அலுமினிய பெயின்ட் அடித்துக் காயவைத்திருந்தார்கள். ஆனால் நட்டிருக்கவில்லை. அம்மா காப்பி கலந்துகொண்டிருக்கும்போது மாமாவின் மகன் வந்து கொல்லைப் பக்கம் நின்றான். உள்ளே வரச் சொன்னதற்கு, கையெல்லாம் பெயின்ட் என்றான்.

"அத்தை, நீங்க ஒரு வார்த்தை சொன்னாத்தான் கான்கிரீட் போடணும்னு நிறுத்தி வச்சிருக்கேன். காத்து அடிச்சா கொடி உங்க மாடிப் பக்கம்தான் பறக்கும்."

அம்மா டம்ளரை ஆற்றிக்கொண்டே வெளியே போய், அண்ணாந்து பார்த்து, கையால் உயரத்தை அளந்தாள்.

"நான் மாடியில துணி காயப்போடுவேன். கொடிக்கயித்துல கொடி சிக்காம இருக்கணும். ஒரு ரெண்டடி அந்தாண்ட தள்ளிப் போடுடா."

அவன் போய்க் குழியை மூடிவிட்டு, கேட்டுக்கு அந்தப் பக்கமாகப் புதிதாகத் தோண்ட ஆரம்பித்தான்.