மூணு சத்திரம் தாண்டியும் படுக்க இடமில்லை

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போறவங்களுக்குச் சோத்துக்குப் பஞ்சமே இல்லை. காரைக்குடிப் பக்கத்துல இருந்து குன்றக்குடி, திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல்னு சுமார் 160 கிலோமீட்டர். நாலு மைலுக்கு ஒரு பந்தல். இட்லி, பொங்கல், தக்காளி சாதம், சுக்குக் காப்பி, மோர், கால்ல தடவ தைலம். வேணாம்னு சொன்னாலும் கையைப் பிடிச்சு இழுத்து உட்கார வெச்சு ஊட்டாத குறையா போடுறாங்க. நல்லா இருக்கட்டும்.

ஆனா ராத்திரி பத்து மணிக்கு மேல அதே பந்தல்ல போய், "அண்ணே, படுக்க எங்கயாவது இடம் இருக்குமா?"ன்னு கேட்டுப் பாருங்க. "அப்படியே முன்னால போங்க, இருக்கும்" - இதுதான் பதில். முன்னால போனா அங்கயும் இதே பதில். இப்படியே முன்னால முன்னால போய் மனுசன் பழனிக்கே போய்ச் சேர்ந்துடுவான் போல :-)

சிரிப்பு போதும். இந்தக் கூத்துல எனக்கு ரொம்ப எரிச்சல் வர்ற விஷயம் ஒண்ணு இருக்கு. திண்டுக்கல் தாண்டிப் பழனி ரோட்டுல வரிசையா வர்ற ஊர்ப் பேரைக் கவனிச்சிருக்கீங்களா? ரெட்டியார்சத்திரம். அப்புறம் ஒட்டன்சத்திரம். அதையும் தாண்டினா சத்திரப்பட்டி. அறுபது கிலோமீட்டருக்குள்ள மூணு ஊரு, மூணும் சத்திரத்தோட பேரு! வழிப்போக்கன் தங்குறதுக்குன்னே உண்டான ஊருங்க. அந்த ஊருங்க வழியாத்தான் இன்னைக்கு லட்சக்கணக்கான பேர் பூட்டின கடை வாசல்லயும், பெட்ரோல் பங்க் ஓரத்துலயும், நெல் காயப்போடுற களத்துலயும் துண்டை விரிச்சுப் படுத்துட்டுப் போறாங்க. "தைப்பனி தரையைத் துளைக்கும்"னு பழமொழி சொன்ன அதே தை மாசத்துல.

சத்திரம்னா என்னன்னு நமக்கு மறந்து போச்சு. மதுரையில ராணி மங்கம்மாள் கட்டின சத்திரம் ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிர்லயே நிக்குது. தஞ்சாவூர் மராட்டிய ராஜாக்கள் ராமேஸ்வரம் போற பாதை நெடுகச் சத்திரம் வெச்சிருந்தாங்க. 1801ல இரண்டாம் சரபோஜி இந்தச் சத்திரங்களைப் பத்தி ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு ஒரு கடிதமே எழுதியிருக்கார். எந்தச் சாதிக்காரன் வந்தாலும் சாப்பாடு, நடுவுல காய்ச்சல் வந்து படுத்துட்டா வைத்தியம், பிள்ளைத்தாய்ச்சி வந்தா பிரசவம் பார்க்க ஏற்பாடு, வழியிலேயே ஒருத்தர் செத்துப் போனா அவருக்குச் செய்யவேண்டிய காரியம். இவ்வளவும் சத்திரத்தோட பொறுப்பு. இருநூறு வருஷத்துக்கு முன்னாடி, கரெண்டு இல்லாத காலத்துல!

இன்னைக்கு நம்மகிட்ட என்ன இருக்கு? ஃப்ளெக்ஸ் போர்டு இருக்கு.

கோபத்துல சொல்லலை, யோசிச்சுத்தான் சொல்றேன். அன்னதானம் போட்டா போட்டோ வரும். கரண்டியோட நிக்கிற மாதிரி போர்டு வைக்கலாம். கக்கூஸ் கட்டிக் கொடுத்தவர் அதுக்கு முன்னாடி நின்னு போஸ் கொடுக்க முடியுமா? அதான் ஒரே கிலோமீட்டர்ல அஞ்சு பந்தல், பாதி சாப்பிட்டுத் தூக்கிப் போட்ட தட்டு மலை மாதிரி. அஞ்சு கிலோமீட்டருக்கு ஒரு கழிப்பறை கிடையாது.

இதுல பொம்பளைங்க படுற பாடு தனி. சாயங்காலத்துக்கு மேல தண்ணி குடிக்கறதையே நிறுத்திடுறாங்க. எதுக்குன்னு விளக்கணுமா? எங்க கூட்டத்துல வந்த ஒரு அக்கா, வயசு ஐம்பதுக்கு மேல இருக்கும், மூணாம் நாள் நீர்க்கடுப்பு வந்து பாதியில பஸ் ஏறிட்டாங்க. நேர்ச்சை முடியலையேன்னு அழுதாங்க. அந்த அக்காவோட நேர்ச்சையைக் கெடுத்தது ஒரு தாழ்ப்பாள் போட்ட கதவு இல்லாததுதான்.

முன்னெல்லாம் கிராமத்துல திண்ணை இருந்துச்சு. யாரையும் கேக்க வேண்டாம், படுத்துக்கலாம். இப்போ திண்ணையை இடிச்சுட்டு வீட்டுக்கு வீடு கிரில் கேட்டு போட்டாச்சு. அதைத் தப்புன்னு சொல்லமாட்டேன், திருட்டுப் பயம் அவங்களுக்கு. மிச்சம் இருக்கறது பள்ளிக்கூட வராண்டா, சமுதாயக் கூடம், கல்யாண மண்டபம். பள்ளிக்கூடம் பூட்டியிருக்கும். 2021ல இருந்து தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை உண்டு, ஆனா நடக்கிறவன் கிராமத்தைத் தாண்டுறது பூசத்துக்கு மூணு நாலு நாள் முன்னாடியாச்சே!

கல்யாண மண்டபத்துக்கு வருவோம். ஒரு ஊர்ல (பேரு வேண்டாம்) காலியா கிடந்த மண்டபத்துல ராத்திரி மட்டும் படுத்துக்கறோம், காசு தர்றோம்னு கேட்டோம். இருந்தவர் தங்கமா பேசினார். "எந்த ஊரு?" சொன்னோம். "அங்க எந்தத் தெரு?" அங்கதான் சங்கதி. எங்க கூட வந்த தம்பி ஒருத்தன் அவன் தெருப் பேரைச் சொன்னதும், "இன்னைக்கு மண்டபத்துல வெள்ளையடிக்கறாங்க, சாவி என்கிட்ட இல்ல"ன்னுட்டார். ராத்திரி பத்தரைக்கு வெள்ளையடிக்கிற ஊரை அன்னைக்குத்தான் பார்த்தேன்.

இதுதான் இந்த விஷயத்தோட வேரு. நகரத்தார் காவடி தலைமுறை தலைமுறையா அதே பாதையில போகுது. எந்த நாள் எங்க தங்கல்னு முன்கூட்டியே திட்டம், போறதும் நடை, வர்றதும் நடை. ஒழுங்குன்னா அவங்ககிட்ட கத்துக்கணும், அதுல சந்தேகமே இல்லை. ஆனா அது ஒரு சமூகம் தன் ஆளுங்களுக்குச் செஞ்சுக்கிட்ட ஏற்பாடு. அதைப் பார்த்து மத்தவங்களும் ஆளுக்கொரு மண்டபம் கட்டிக்கறாங்க. மண்டபம் இல்லாத சாதிக்காரன், சங்கம் இல்லாத கூலிக்காரன், தனியா வர்ற பொம்பளை எங்க படுப்பாங்க? ரோட்டுல. முருகனுக்கு அரோகரா.

படுக்க இடம் இல்லாதவன் என்ன செய்வான்? நடப்பான். தூங்கி விழுந்துக்கிட்டே, இருட்டுல, லாரி போற ரோட்டுல. வருஷா வருஷம் பூசத்தப்போ நடந்து போனவங்க மேல வண்டி ஏறின செய்தி வருதே, அதை வெறும் டிரைவர் தப்புன்னு முடிச்சுடறோம். முதுகுல ஒளிர்ற ஸ்டிக்கர் ஒட்டிவிடறாங்க. நல்லதுதான். அவனை ராத்திரி ரோட்டுல நடக்கவே விடாம படுக்க வெச்சா ஸ்டிக்கரே வேண்டாமேய்யா!

தேவஸ்தானம் சில இடத்துல ஓய்வு மண்டபம் கட்டியிருக்கு, ரோட்டோரம் நடைபாதையும் போட்டிருக்காங்க. இல்லைன்னு சொல்லலை. ஆனா லட்சம் பேருக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

உடனே ரெண்டு கேள்வி வரும், தெரியும்.

ஒண்ணு: "யாத்திரைன்னா கஷ்டப்படத்தானே செய்யணும்? சொகுசு வேணும்னா பஸ்ல போ." ஐயா, வெறுங்கால்ல நடக்கறது அவன் நேர்ச்சை. பாம்பு கடிக்கறதும் லாரி ஏத்தறதும் எந்தச் சாமிக்கும் நேர்ச்சை இல்லை. இதைச் சொல்றவங்க பெரும்பாலும் கார்ல போய் வின்ச்சுல ஏறிக் கும்பிட்டுட்டு வர்றவங்க, கவனிச்சுக்குங்க.

ரெண்டு: "கிராமத்துக்காரன் எதுக்கு இடம் தரணும்? குப்பையைப் போட்டு வயக்காட்டை நாறடிச்சுட்டுப் போறீங்க." இது நியாயமான கேள்வி. பதில் ரொம்பச் சுலபம். காசு வாங்குங்க! ஒரு ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு அம்பது ரூபா. துப்புரவு பண்றவங்களுக்குக் கூலி, கரெண்டு, தண்ணி எல்லாம் அதுல வந்துடும். காசு வாங்கினா புண்ணியம் போயிடும்னு யாரு சொன்னா?

ஸ்பெயின்ல சான்டியாகோவுக்கு நடந்து போறாங்களே, அங்க வழி நெடுக கிராமத்துக்குக் கிராமம் யாத்திரிகர் விடுதி. அடுக்குக் கட்டில், குளிக்கத் தண்ணி, கொஞ்சமா கட்டணம். சில இடத்துல உண்டியல் மட்டும், முடிஞ்சதைப் போடலாம். வழக்கமா ஒரு ராத்திரிதான், காலையில எட்டு மணிக்குள்ள கிளம்பிடணும். நடக்கறவன்தான்னு காட்ட முத்திரை குத்தின அட்டை. 2024ல மட்டும் ஏறக்குறைய 5 லட்சம் பேர் அங்க போய்ச் சேர்ந்து சான்றிதழ் வாங்கியிருக்காங்க. இடையில இருக்கிற சின்னச் சின்ன ஊருங்க பல அதனாலேயே பிழைக்குது. வெள்ளைக்காரன் உதாரணம் பிடிக்கலைன்னா பக்கத்துல மகாராஷ்டிராவைப் பாருங்க. ஆளந்தியில இருந்து பண்டரிபுரம் போற பல்லக்குக்கு எந்த ராத்திரி எந்த ஊர்ல தங்கல்ங்கறது முன்கூட்டியே அறிவிச்சாகுது. ஊரே தயாரா நிக்குது.

நான் கேக்கறது அரண்மனை இல்லை. பாதையில இருக்கிற ஒவ்வொரு ஊராட்சியும் தை மாசம் பத்து நாளைக்குச் சமுதாயக் கூடத்தையும் பள்ளிக்கூட வராண்டாவையும் ராத்திரி மட்டும் திறந்து விடட்டும். சாவி யார்கிட்ட, போன் நம்பர் என்ன, எத்தனை பேர் படுக்கலாம்னு ஊர் எல்லையில ஒரு பலகை. பொம்பளைங்களுக்குத் தனி அறை, தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை, ஒரு விளக்கு. எந்தத் தெருன்னு யாரும் கேக்கக் கூடாது, கேட்டா அந்த மண்டபத்துக்கு ஊராட்சி உதவி எதுவும் கிடையாது. அவ்வளவுதான்.

பந்தல் போடுற புண்ணியவான்களே, உங்களுக்கும் ஒண்ணு. அஞ்சு நாள் அன்னதானம் போடுறீங்கன்னா அடுத்த வருஷம் நாலு நாள் போடுங்க. அஞ்சாவது நாள் காசுல ரெண்டு கழிப்பறை கட்டுங்க. வேணும்னா கதவுல உங்க போட்டோவைப் பெரிசா ஒட்டிக்குங்க, நாங்க ஒண்ணும் சொல்லமாட்டோம். உள்ள போயிட்டு வர்ற அக்கா உங்களை மனசார வாழ்த்துவாங்க.

டிஸ்கி: "நீ நாத்திகனா?"ன்னு கேட்டுக் கிளம்ப வேண்டாம். நான் ஒவ்வொரு தையும் நடக்கறவன். நடக்கறதாலதான் கேக்கறேன்.