முதலில் பிரேக், பிறகு பெயிண்ட்

பழைய பிரீமியர் பத்மினியை ஆசையாக வாங்குபவர்கள், கையிலிருக்கும் கொஞ்சப் பணத்தையும் அலாய் வீலிலும் பெயிண்டிலும் கொட்டுவதைப் பார்த்தால் மனசு ஆறவில்லை. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் உள்ள வண்டி அது. வீல் சிலிண்டர், பிரேக் ஹோஸ், லைனிங் மூன்றையும் முதலில் மாற்றுங்கள். அடுத்து வயரிங், தோல் வெடித்த பழைய வயர் ஒன்று பாடியில் உரசினால் போதும், தீப்பிடித்துவிடும். ஹெட்லைட்டுக்கு ரிலே போட்டால் சுவிட்ச் சூடாகாது, வெளிச்சமும் கூடும், செலவோ கொஞ்சம்தான். 1089 சிசி இன்ஜினைக் கழற்றிவிட்டு வேறொன்றை ஏற்றும் ஆசை மட்டும் வேண்டவே வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். 50 வயது தாண்டிய வண்டிகளுக்கு 2021இல் வந்த வின்டேஜ் பதிவும் அசல் வடிவம் சிதையாதவற்றுக்கே கிடைக்கும். அதனால் கழற்றிய அசல் பாகம் எதையும் காயலான் கடையில் போட்டுவிடாதீர்கள்.